மரமில்லாத தீவில் ஒரு மரத்துண்டு

அத்தியாயம் ஆறு

வெளியே குறுக்குக்கட்டை விழுந்தது. உப்புக் கிடங்கின் கதவுக்கு அது ஒன்றுதான் பூட்டு. என் தொடை கனம் இருக்கும். அது விழுந்த பிறகு உள்ளே இருக்கிறவன் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது.

"காத்துல விழுந்திருக்குமோ," என்றேன்.

"ஏன்ப்பா ஊஷ்டன், காத்து கட்டையத் தூக்கி ரெண்டு கொக்கியிலயும் சரியா உக்கார வெச்சுட்டுப் போகுமா," என்றார் ஷோனக்.

"இது குரோவசேத் தீவுக் காத்து, அம்மணி. நேத்து என் தொப்பியக் கழட்டி ஆட்டுத் தலையில மாட்டிட்டுப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டார். கூழாங்கற்களின் மேல் யாரோ அவசரமில்லாமல் நடந்து போகிற சத்தம். அப்புறம் காற்றும் கடலும்தான்.

கிடங்குக்குள் நாங்கள் மூன்று பேர். ஷோனக் மக்கின்னனுக்கு உத்தியோகம் அகராதிக்கு வார்த்தை சேகரிப்பது. தீவு தீவாகப் போய் கேலிக் மொழி பேசுகிற வயசாளிகளைப் பேச வைத்து எழுதிக்கொள்வார். வார்த்தை கேட்கப் போன இடத்தில் திருட்டும் கொலையும் கூடவே வந்து விழும், அதையும் விடமாட்டார். நான் அவருடைய ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்குகிறவன். பதினெட்டு கிலோ. அதற்கு முன்னால் பதினொரு வருஷம் மின்சார வாரியத்துக்காக மலையைக் குடைந்தேன். மலை பேசாது, அதனால் அந்த வேலை சுலபம்.

மூன்றாவது ஆள் லாக்லன். கைகள் வலைக்கயிற்றால் கட்டப்பட்டு, ஹெரிங் மீன் பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலையில் ரூரி கிழவர் மண்டை உடைந்து கரையில் கிடந்தார். மூச்சு இருக்கிறது, நினைவு இல்லை. அவருடைய மூடிய கைக்குள் லாக்லனின் மரத்துண்டு இருந்தது. ஊரே சேர்ந்து லாக்லனைக் கட்டி இங்கே போட்டது. அவனைக் கேள்வி கேட்கத்தான் நாங்கள் உள்ளே வந்திருந்தோம். காற்று அடங்கினால் போலீஸ் படகு வரும். அதற்குள் கிழவர் கண் மூடிவிட்டால் லாக்லனுக்குக் கயிறு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, லாக்லனுக்கும்கூட.

"தண்ணி வருது," என்றான் லாக்லன்.

கதவின் அடியில் ஒரு நாக்கு மாதிரி நீர் நுழைந்து உப்புத் தரையில் கறுத்துப் பரவியது. பௌர்ணமிக் கடல், பின்னால் தள்ளுகிற தென்மேற்குக் காற்று வேறு.

"எவ்வளவு வரும்?"

"முழங்காலு வரைக்கும் வரும். போன வருஷம் இடுப்பு வரைக்கும் வந்துச்சு."

நான் பெட்டியைத் தூக்கி இருப்பதிலேயே உயரமான பீப்பாய் மேல் வைத்தேன். "இது ஒண்ணாவது கரை சேரட்டும்," என்றேன்.

ஷோனக் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு லாக்லன் எதிரில் ஒரு பீப்பாயில் ஏறி உட்கார்ந்தார். "நமக்கு நேரம் கெடைச்சிருக்கு. காலையில நடந்தத மொதல்லேருந்து சொல்லு."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"தெரிஞ்சதுலதான் யாரும் சரியாப் பாக்கறதில்ல. சொல்லு."

லாக்லன் பெருமூச்சு விட்டான். "விடியக்காலம் கடல் வத்தியிருந்த நேரம். ஏழு வீட்டுக்காரங்களும் மேட்டுல கூடினோம், கடற்பாசிக் கரைய ஏழு பங்காப் பிரிச்சுக்க. வருஷா வருஷம் செய்யறதுதான். ரூரி தன் நெலத்த விட்டுட்டாரு, அவருக்குப் பங்கு கெடையாது, அதனால அவருதான் சீட்டுப் போடறவரு. கூப்பிடு தூரத்துக்கு அப்பால போய் முதுகத் திருப்பி நின்னாரு. நாங்க அடையாளத்துக்கு ஆளுக்கொரு காய் தொப்பியில போட்டோம். அவரு வந்து தொப்பிய எடுத்துக்கிட்டுத் தனியாக் கரைக்கு எறங்கினாரு. ஒவ்வொரு பங்கோட மேல் எல்லையில நிக்கற தலைக்கல்லு கிட்டயும் ஒரு காய வெச்சுட்டு வந்து கூப்பிடுவாரு. கூப்பிடவே இல்ல."

"நீங்கல்லாம் அதுவரைக்கும் எங்க இருந்தீங்க?"

"காத்துல மேட்டுல நிக்க முடியல. ஆளுக்கொரு எடத்துல ஒதுங்கினோம். என் ஆடு ஒண்ணு குட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு, அதப் பாக்கப் போனேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"ஆடு பாத்துச்சு."

"சாட்சிக் கூண்டுல ஏத்திரலாம்," என்றேன். "நம்ம ஜட்ஜுங்களவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி."

ஷோனக் தன் கோட்டுப் பையிலிருந்து அந்த மரத்துண்டை எடுத்தார். சுண்டுவிரல் நீளம். கரையொதுங்கின பைன் பலகையில் செதுக்கின முளை. "மத்தவங்க கல்லு, பொத்தான், ஆட்டுப் பல்லுன்னு போட்டிருக்காங்க. உன் படகுக் கூட்டாளி ஃபெரகர் விசிறிச் சிப்பி போட்டிருக்கான். நீ மட்டும் ஏன் மரம்?"

லாக்லன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்கதான சொன்னீங்க."

"நானா?"

"முந்தாநேத்து, எங்க வீட்டு அடுப்படியில. இந்தச் சீட்டுக்கு நாம என்ன பேரு சொல்றோம்? கிரௌன்ஹுர். கிரௌன்னா மரம், ஹுர்னா போடறது. மரம் போடறதுன்னு அர்த்தம், அந்தக் காலத்துல மரத்துண்டத்தான் போட்டிருப்பாங்கன்னு சொன்னீங்க. அயர்லாந்துக்காரனும் இதே வார்த்தையச் சொல்றான், ஆயிரம் வருஷத்து ஏட்டுலயும் இருக்குன்னீங்க. மரமே மொளைக்காத தீவுல ஒக்காந்துக்கிட்டு மரம் போடறோம்னு சொல்றோமேன்னு எனக்கு ஒரே சிரிப்பு. சரி, இந்த வருஷம் நெஜமாவே மரத்தப் போட்டுப் பாப்போம், அதிர்ஷ்டம் அடிக்கட்டும்னு ராத்திரி செதுக்கினேன்."



"அம்மணி," என்றேன், "நம்ம அகராதி ஒரு ஆளத் தூக்குமேடைப் படி வரைக்கும் கொண்டாந்துருச்சு."

ஷோனக்கின் முகம் எனக்குப் பழக்கம். கோபம் வந்தால் மூக்கு வெளுக்கும். இப்போது முகம் முழுக்க வெளுத்திருந்தது. 

"அந்த வார்த்தைய நான் பாதிதான் சொன்னேன்," என்றார். "மரம்னு ஆரம்பிச்ச சொல்லுதான். பாய்மரத்துக்கும் அதுதான், ஏருக்கும் அதுதான். போகப் போக ஒருத்தனோட பங்குக்கே அந்தப் பேரு வந்துருச்சு. அப்புறம் அவன் தலையெழுத்துக்கும். ஏன் தெரியுமா? போடறவனுக்கு எது யாரோடதுன்னு தெரியாது. தெரிஞ்சா அது கிரௌன்ஹுர் இல்ல, வெறும் பங்கு பிரிக்கறது. லாக்லன், நீ மரத்தப் போட்டப்ப என்ன நடந்துச்சு?"

"எல்லாரும் சிரிச்சாங்க. ஃபெரகர்தான் ரொம்பச் சிரிச்சான். 'கப்பல் கட்டப் போறியா'ன்னு கேட்டான்."

"அப்ப, மேட்டுல இருந்த ஆறு பேருக்கும் அது உன்னோடதுன்னு தெரியும். ரூரி மட்டும் முதுகத் திருப்பி நின்னாரு."

"ஆமா."

"ஊரு என்ன சொல்லுது? அடிச்சவன் யாருன்னு காட்டத்தான் கிழவர் உன் காயப் பிடிச்சுக்கிட்டு கெடந்தாருன்னு சொல்லுது. அவருக்கு அது யாரு காயின்னே தெரியாதே. தெரிஞ்ச ஒருத்தன்தான் அத அவரு கையில வெச்சிருக்கான்."

 நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"இரு," என்றார் ஷோனக். "இது என் புத்திக்குப் போதும். சார்ஜெண்டுக்குப் போதாது. 'லாக்லன் கரைக்கு எறங்கிப் போனான், மட்டமான பங்கு விழுந்திருக்கறதப் பாத்து இது என்னோடதுன்னு சண்ட போட்டான், கிழவர் அப்பத்தான் காய எடுத்தாரு'ன்னு அவன் கேட்டா? லாக்லன், எந்தப் பங்கு காலியா இருந்துச்சு?"

"ரெண்டாவது. வெறும் பாறை. பாசி நிக்காது. அதான், அது கெடைச்ச ஆத்திரத்துல அடிச்சுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நல்ல பங்கு எது?"

"அஞ்சாவது. அதுல ஃபெரகரோட சிப்பி. அதுதான் இருக்கறதுலயே நல்ல பங்கு. புயல் மொத்தப் பாசியையும் கொண்டாந்து அங்கதான் கொட்டும். உருளைக்கெழங்குக்கு எருவாப் போட்டது போக, பாசித் தண்டு வாங்கற ஃபேக்டரிக்கும் அனுப்பலாம்."

"அந்தக் காயெல்லாம் இப்ப எங்க?"

"எங்க வெச்சாரோ அங்கயேதான். போட்டவரு கூப்பிடற வரைக்கும் வேற யாரும் காயத் தொடக்கூடாது. தொட்டா அந்த வருஷம் அவனுக்குப் பங்கே கெடையாது."

ஷோனக் பீப்பாயிலிருந்து தண்ணீரில் குதித்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. "ஊஷ்டன், முந்தாநேத்து ரூரி நம்ம பெட்டியில என்ன பேசினாரு? காயக் கீழ எப்படி வைப்பாராம்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. நாடாவைச் சுற்றிக்கொண்டு நான்தான் பக்கத்தில் இருந்தேன். "காத்து எடுத்துட்டுப் போயிரும்னு ஒவ்வொண்ணையும் ஈர மண்ணுல கட்டைவெரலால அழுத்துவேன்னாரு. என் கையில அழுத்திக் காட்டினாரு. இன்னும் வலிக்குது."

"அழுத்தினா மண்ணுல அச்சு விழும். விசிறிச் சிப்பிக்கு வரிவரியா விழும். மரத்துக்கு அப்படி விழாது. காலியாக் கெடக்கற ரெண்டாவது பங்குல இருக்கறது சிப்பியோட அச்சுன்னா?"

லாக்லனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "அப்ப... ரெண்டாவது ஃபெரகருக்கு விழுந்தது."

"அஞ்சாவது உனக்கு விழுந்தது. அவன் மாத்தியிருக்கான். மாத்தறப்ப கிழவர் திரும்பிப் பாத்துட்டாரு. உன் முளை அவன் கையிலயே தங்கிருச்சு, அத எங்க வைக்கறதுன்னு யோசிச்சிருக்கான்." கதவுப் பக்கம் திரும்பினார். "அந்த அச்சு தலைக்கல்லு அடியில இருக்கு. இந்தத் தண்ணி அங்க ஏற எவ்வளவு நேரம்?"

"அர மணி. அதுக்கும் கொறச்சலாத்தான் இருக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது என்னை இப்படிப் பார்த்தால் அடுத்து எதையாவது தூக்கச் சொல்வார்கள்.

கதவு ஆகாது. கூரை எட்டாது. சுவரைத் தடவிக்கொண்டே போனேன். சுண்ணாம்பில் கட்டின சுவர், இரண்டடி கனம். பின்பக்க மூலையில் உப்புநீர் வடிய அடியில் ஒரு துளை வைத்திருந்தார்கள். நூறு வருஷம் உப்பு நீர் ஓடினால் அதைச் சுற்றி சுண்ணாம்பு எப்படி இருக்கும்? விரலால் தோண்டினேன். அவல் மாதிரி உதிர்ந்தது.

லாக்லனின் கட்டை அவிழ்த்தேன். உப்பு வாரும் இரும்பு மண்வெட்டியைத் துளைக்குள் விட்டு இருவரும் காம்பில் தொங்கினோம். முதல் கல் நகரவே இல்லை. இரண்டாவது கல் உறுமியது. கல் உறுமினால் வரும். நீர் முழங்காலைத் தொட்டபோது அதை உருட்டித் தள்ளினோம். அதன் மேல் இருந்தது தானாகவே இறங்கியது. மூன்றாவதைத் தொடாதே என்று லாக்லனின் கையைப் பிடித்தேன். அதை எடுத்திருந்தால் மொத்தச் சுவரும் எங்கள் முதுகில்தான் படுத்திருக்கும்.

"இதுக்குள்ளயா?" என்றார் ஷோனக். ஒரு கன்றுக்குட்டி நுழைகிற அளவு ஓட்டை.

"அகராதிய மொதல்ல விடுங்க, ஆளு அப்புறம் வரலாம்," என்றேன். அவர் என்னை முறைத்தார், தலையை விட்டார்.

நான் கடைசி. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே, மேலே மூன்றாவது கல். சுரங்கத்தில் இப்படி ஒரு தடவை நாலு மணி நேரம் கிடந்திருக்கிறேன். அதைப் பற்றி நான் பேசுவதில்லை. லாக்லன் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். சட்டையும் கொஞ்சம் தோலும் உள்ளேயே தங்கிவிட்டன.

கரை முழுக்க நுரை பறந்துகொண்டிருந்தது. ஓடினோம். வீடுகளிலிருந்து யாரோ எங்களைப் பார்த்துவிட்டார்கள். "லாக்லன் வெளிய வந்துட்டான்" என்று கூச்சல் கிளம்பியது. ஆட்கள் மேட்டிலிருந்து இறங்கி வர ஆரம்பித்தார்கள். அவர்கள் வரட்டும் என்றார் ஷோனக்.

இரண்டாவது தலைக்கல்லின் பக்கத்தில் ஃபெரகர் நின்றிருந்தான். கையில் பாசி வாரும் வாருகோல். அந்தக் கல்லைச் சுற்றி நாலடிக்கு மண் வாரப்பட்டு, மாவு சலித்த மாதிரி கிடந்தது. அச்சும் இல்லை, எதுவும் இல்லை.

"ஒதுங்கின குப்பைய வாரினேன்," என்றான் அவன். அமைதியாகத்தான் சொன்னான். பெரிய தோள்கள், நல்ல முகம். பன்னிரண்டு வருஷமாக லாக்லனோடு ஒரே படகில் துடுப்புப் போடுகிறவன். "உங்கள யாரு வெளிய விட்டது?"

"கிடங்குதான் விட்டுச்சு," என்றேன். "எங்க சகவாசம் அதுக்குப் பிடிக்கல."

லாக்லன் அந்த மண்ணைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். முன்னால் கடல், பின்னால் ஊர் ஜனம். அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஆட்கள் வந்து வளையமாக நின்றார்கள். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். அவன் தடுக்கவில்லை.

ஷோனக் என்னிடம் கையை நீட்டினார். உள்ளங்கையில் மரத்துண்டு. "நீ மரத்தோடயும் கல்லோடயும் பொழங்கினவன். இதப் பாத்து என்ன தோணுதோ சொல்லு."

முதல் முறையாக அதை வெளிச்சத்தில் பார்த்தேன். உடம்பு முழுக்க கத்தியின் சீவல். ஒரு முனை மட்டும் நார் நாராக, வெள்ளையாக இருந்தது. "லாக்லன், முனையக் கூராச் செதுக்கினியா, மொட்டையா விட்டியா?"

"கூராத்தான். ஏர் முனை மாதிரி."

"இங்க கூர் இல்ல. முறிஞ்சிருக்கு. இன்னிக்கு முறிஞ்சது." சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே புரிந்தது. "கெட்டி மண்ணுல அழுத்தின முளைய நேரா மேல இழுக்கணும். அவசரத்துல சாச்சுப் பிடுங்கினா நுனி உள்ளயே நின்னுரும். சுரங்கத்துல தெனமும் திட்டு வாங்கற விஷயம் இது."

ஷோனக் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது தலைக்கல்லை நோக்கி. அலை அந்தக் கல்லின் அடியை ஏற்கெனவே ஒரு தடவை நக்கிவிட்டுப் போயிருந்தது. விசிறிச் சிப்பி கவிழ்ந்தபடி, மண்ணில் பதிந்து, காலையிலிருந்து யாரும் தொடாமல் அங்கேயே இருந்தது.

"அதத் தொடக்கூடாது," என்றான் ஃபெரகர். குரல் இப்போதுதான் மாறியது.

"நீ தொடக்கூடாது," என்றார் ஷோனக். "ஊரு பாத்துக்கிட்டு இருக்கு, உன்னால எப்படித் தொட முடியும்? காலியா இருந்த எடத்தத்தான் உன்னால வார முடிஞ்சுது. எனக்கு இந்தத் தீவுல பங்கு இல்ல. நான் தொடலாம்."

சிப்பியைத் தூக்கினார். அதன் அடியில் வரிவரியான அச்சு. அச்சின் நடுவே ஒரு சின்னத் துளை, நீர் நிரம்பி. நான் மண்டியிட்டுத் துளையைச் சுற்றி மண்ணை விரலால் பெயர்த்தேன். அடுத்த அலை என் இடுப்பில் மோதியது. கையை மூடிக்கொண்டு எழுந்தேன். திறந்தபோது உள்ளங்கையில் அரிசி மணி அளவு பைன் மரக் கூர் ஒன்று இருந்தது. ஷோனக் முளையை அதனிடம் கொண்டுவந்தார். நார் நாரோடு போய்ச் சேர்ந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

லாக்லனின் தோளில் இருந்த கைகள் எப்போது விலகின என்று நான் பார்க்கவில்லை.

"அவரு திரும்பிப் பாப்பாருன்னு நெனைக்கல," என்றான் ஃபெரகர். "மூணு வருஷமா எனக்குப் பாறைதான் விழுது. கையில வாருகோல் இருந்துச்சு. கிடங்குக் கட்டையப் போட்டதும் நான்தான்." அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். ஓட நினைத்தானோ என்னவோ. குரோவசேயில் ஓடினால் முப்பது நிமிஷத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வாருகோலைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவனை எங்கே வைப்பது என்று ஒரு பேச்சு நடந்தது. இருந்த ஒரே சிறையில் நான் ஓட்டை போட்டுவிட்டேன். படகு வியாழக்கிழமைக்கு முன்னால் வராது. கடைசியில் அவனை அவன் வீட்டிலேயே வைப்பதென்று முடிவானது. ரூரி கிழவர் தண்ணீர் கேட்டாராம் என்று ஒருத்தி மேட்டிலிருந்து கத்தினாள். அதற்கும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. சிலர் தொப்பியை மட்டும் கழற்றினார்கள்.

சாயங்காலம் கடல் மறுபடி இறங்கியது. கெட்டுப்போன சீட்டை அன்றைக்கே திரும்பப் போட வேண்டும். பாசி யாருக்காகவும் காத்திருக்காது. போட ஆள் வேண்டும். பங்கில்லாத ஆண்பிள்ளை தீவில் ஒருவன்தான்.

"நானா?" என்றேன். "நான் பெட்டி தூக்கறவன்."

"தொப்பி அவ்வளவு கனக்காது," என்றார் ஷோனக்.

மேட்டில் ஆறு பேர் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி ஃபெரகரின் மனைவி மர்ஸலி, கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு காயைக் கைக்குள் மூடியபடி நின்றாள். யாரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இருந்ததில் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"எத்தன பங்கு போடறது, லாக்லன்? நீதான் சொல்லணும்."

லாக்லனின் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அவன் மர்ஸலியைப் பார்க்கவில்லை.

"ஏழு," என்றான். "அவன்தான் ஜெயிலுக்குப் போறான். அந்த வீட்டு உருளைக்கெழங்கு போகல."

நான் கூப்பிடு தூரம் நடந்து போய் முதுகைத் திருப்பி நின்றேன்.